அந்த 6 ஜிபி எங்கடா போச்சு?

லேப்டாப்புல மறுபடியும் அதே செவப்புப் பட்டை, இடம் தீரப் போகுதுன்னு. நேத்து நைட்டு தூங்காம ஒக்காந்து தொடச்சு தொடச்சு சி டிரைவ்ல 6 ஜிபி காலி பண்ணி வச்சேன், காலைல காபி குடிச்சிட்டு வந்து தொறந்தா 800 எம்பி. வீட்டுல என்னத் தவிர ஆளே இல்ல!

என்னன்னு பாத்தா, நான் கண்ண மூடுற நேரம் பாத்து விண்டோஸ் அதோட அப்டேட்ட எறக்கியிருக்கு. சரி, எறக்குனத இன்ஸ்டாலாவது பண்ணுச்சான்னா அதுவும் இல்ல, "இடம் பத்தல, ஏதாவது டெலீட் பண்ணுங்க"ன்னு எங்கிட்டயே மரியாதையா கேக்குது. டேய், தின்னதே நீதானடா! டிஸ்க் கிளீனப்ப போட்டா அது உருட்டி உருட்டித் தேடிட்டு, பெரிய மனசு பண்ணி 43 எம்பி தேறும்னு சொல்லுது. 43 எம்பி! எங்க மாமா ஃபேமிலி குரூப்ல போடுற ஒரு குட்மார்னிங் வீடியோவுக்குக் காணாது.

வாங்குனது 128 ஜிபி, காட்டுறது 119. கேட்டா கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவானாம், கம்ப்யூட்டர் 1024ஆ எண்ணுமாம், நடுவுல 9 ஜிபி நம்ம தலைல. மிச்சத்துல, ஹைபர்னேட் பண்றப்ப மெமரில இருக்குறத எழுதி வைக்க ஹைபர்ஃபில்.சிஸ்னு ஒரு ஃபைல் 3 ஜிபிக்கு மேல (கமாண்ட் அடிச்சு அதத் தூக்குனதுதான் நேத்து கெடச்ச ஆறுல பாதி), மெமரி பத்தாதப்ப கை குடுக்குற பேஜ்ஃபைல்.சிஸ் அது பங்குக்கு, அப்டேட்டுக்குன்னே தனியா 7 ஜிபி கிட்ட ரிசர்வ் வேற. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு ரூம ஓனரே பூட்டி வச்சுக்கிட்ட கதை.

இதுல எஸ்எஸ்டிய (அதான் ஃபைலெல்லாம் இருக்குற சிப்பு டிரைவ்) முழுசா ரொப்பக் கூடாதாம், ஏன்னா அது பழைய டேட்டா மேலயே எழுதாது, பிளாக்க மொத்தமா அழிச்சிட்டுத்தான் எழுதும், காலி இடம் இல்லன்னா உள்ளுக்குள்ளயே அங்கயும் இங்கயும் தூக்கி மாத்திக்கிட்டு ஸ்லோ ஆயிடும், அதனால கொஞ்சம் இடத்த சும்மா விட்டு வைங்கன்னு யாரோ ஒரு அண்ணன் 2 டிபி வச்சுக்கிட்டு வீடியோல அட்வைஸ் பண்றாரு. சும்மா விட இடம் இருந்தா நான் ஏண்ணே உங்க வீடியோ பாக்கப் போறேன்? கடைல கேட்டா போர்டுலயே சால்டர் பண்ணிருக்கு சார், மாத்த முடியாது, புதுசு வாங்கிடுங்கன்றான், என்னமோ தேங்கா வாங்கச் சொல்ற மாதிரி.

இனிமே அழிக்க மிச்சம் இருக்குறது சித்தப்பா பொண்ணு கல்யாண வீடியோதான், 22 ஜிபி. தொட முடியாது, "உங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்பா"ன்னு குடுத்தது. முழுக்க ஹெலிகாம்ல மண்டபத்து மொட்டமாடி, நான் வர்றது மூணே செகண்டு, அதுவும் பந்தில பாயாச வாளி எங்க வருதுன்னு கழுத்த நீட்டிக்கிட்டு. அந்தப் பாயாசம் கடைசி வரைக்கும் வரல. தீந்துருச்சாம்! மாப்ள வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு தடவ ஊத்துனானுங்க, நான் பாத்தேன்.