பரிசு பாட்டுக்கு: ஜப்பான் இசைத்தட்டு விருதைப் பற்றி

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைத் தொட்ட ஜப்பானிய மொழிப் பாட்டு ஒன்றே ஒன்றுதான். சகமோட்டோ க்யூ பாடிய "நிமிர்ந்து பார்த்தபடி நடப்போம்" என்ற அந்தப் பாட்டு 1963 ஜூன் மாதத்தில் மூன்று வாரங்கள் அந்த இடத்தில் இருந்தது. கண்ணீர் கீழே சிந்திவிடாமல் இருக்க வானத்தைப் பார்த்தபடி நடக்கும் ஒருவனின் பாட்டு அது. வெளிநாட்டு வியாபாரிகள் அதற்கு "சுகியாகி" என்று ஓர் இறைச்சி உணவின் பெயரைச் சூட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவு அதைப் பற்றியதல்ல. அந்தப் பாட்டு ஜப்பானில் வெளியான 1961ஆம் ஆண்டில், நாட்டின் பெரும் பாட்டு விருதான ஜப்பான் இசைத்தட்டுப் பெருவிருது அதற்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு விருதைப் பெற்றவர் பிராங்க் நாகாய். அவர் பாடியது 1920களில் வந்த ஒரு பழைய காதல் பாட்டின் புது வடிவம்.

இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு "விருதுகளே இப்படித்தான், தகுதியானதைத் தவறவிட்டுவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். விருதின் வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, பழைய மேடைப் பதிவுகளைத் தேடிப் பார்த்த பிறகு என் கருத்து மாறிவிட்டது. அந்த விருது பல நல்ல பாட்டுகளைத் தவறவிட்டது உண்மை. ஆனாலும் அது ஒரு காரியத்தைப் பிடிவாதமாகச் செய்தது. பரிசைப் பாடகரிடம் மட்டும் கொடுத்துவிடாமல், பாட்டை எழுதியவரையும் இசையமைத்தவரையும் அவருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அந்த விருதின் பெருமை இதில்தான் இருக்கிறது என்பதும், இந்த வழக்கம் வலுவிழந்தபோதுதான் விருதும் வலுவிழந்தது என்பதும் என் எண்ணம்.

தொடக்கத்தைப் பார்த்தாலே இது விளங்கும். விருதை உருவாக்கியவர்கள் இசையமைப்பாளர்கள். கோகா மசாவோவும் ஹத்தோரி ரியோஇச்சியும் போருக்கு முன்பிருந்தே ஜப்பானிய மெல்லிசையின் இரு தூண்களாக இருந்தவர்கள். அவர்கள் முன்னின்று நடத்திய இசையமைப்பாளர் சங்கம், அமெரிக்காவில் அப்போதுதான் தொடங்கிய கிராமி விருதை முன்மாதிரியாகக் கொண்டு, 1959 டிசம்பர் 27 அன்று தோக்கியோவின் புன்க்யோ பொது மண்டபத்தில் முதல் விருதை வழங்கியது. அக்காலத்தில் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒவ்வொரு இசைத்தட்டு நிறுவனத்தோடும் ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் கவிஞர் இன்னொரு நிறுவனத்தின் பாடகருக்கு எழுத முடியாது. அந்த ஒழுங்கிற்குள்ளேயே வளர்ந்து புகழ்பெற்ற மூத்தவர்கள், முதல் பெருவிருதை அதற்கு வெளியே நின்ற இரண்டு இளைஞர்களின் பாட்டுக்குக் கொடுத்தார்கள். ஜாஸ் பியானோக் கலைஞராக இருந்த நாகாமுரா ஹாச்சிதாய் இசையமைத்து, வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்த எய் ரோகுசுகே வரிகள் எழுதிய "கருப்பு இதழ்கள்" என்பதே அந்தப் பாட்டு. பாடிய மிசுஹாரா ஹிரோஷிக்கு அதுதான் முதல் இசைத்தட்டு. மூத்தவர்கள் தங்கள் பாணிக்கே பரிசு கொடுத்துக்கொள்ளவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சகமோட்டோவின் பாட்டை உருவாக்கியவர்களும் இதே நாகாமுரா, எய் இருவர்தான். 1959இல் ஒருமுறையும், தாலாட்டுப் போன்ற ஒரு பாட்டுக்காக 1963இல் மறுமுறையும் அவர்கள் பெருவிருது பெற்றார்கள். உலகம் அவர்களை அடையாளம் காண்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்த விருது கண்டுகொண்டது. ஒரு பாட்டைத் தவறவிட்டது, ஆட்களைத் தவறவிடவில்லை.

சென்னையில் ஒரு மாலை நேர வகுப்பில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆசிரியை மாதத்துக்கு ஒரு பாட்டை ஒளிநகல் எடுத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு தாளிலும் தலைப்புக்குக் கீழே, வரிகள் தொடங்குவதற்கு முன், மூன்று பெயர்கள் இருக்கும். எழுதியவர், இசையமைத்தவர், இசைக்கருவிகளுக்குப் பாட்டைப் பிரித்து ஒழுங்கு செய்தவர். பாட்டைச் சொல்லித்தருவதற்கு முன் இந்தப் பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்வார். அப்போது அது எழுத்துப் பயிற்சிக்காக என்றுதான் நினைத்தேன். அப்படிப் படித்த பெயர்களில் அகு யூ என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

அகு யூ 1937இல் அவாஜித் தீவில் பிறந்தவர். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் பாட்டெழுத வந்தவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதி, 2007இல் மறைந்தார். இசைத்தட்டுப் பெருவிருது அவர் எழுதிய பாட்டுகளுக்கு ஐந்து முறை கிடைத்தது. முதல் முறை கிடைத்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் த்சுத்சுமி க்யோஹெய் முதலில் அறைக் குளிரூட்டி (ஏசி) விளம்பரம் ஒன்றுக்காக ஒரு மெட்டு போட்டார், அது பயன்படவில்லை. பிறகு அதே மெட்டுக்கு அகு யூ வரிகள் எழுத, ஒரு குழு அதை 1970இல் பாடி வெளியிட்டது. மாணவர் போராட்டம் தோற்றுப்போன இளைஞனின் தனிமையைச் சொன்ன அந்தப் பாட்டு விலைபோகவில்லை. மெட்டின் மீது நம்பிக்கை இழக்காத தயாரிப்பாளர், அகு யூவிடம் மீண்டும் போய் வேறு வரிகள் எழுதித் தரச் சொன்னார். ஒருமுறை எழுதி முடித்த பாட்டை மாற்றி எழுத எந்தக் கவிஞருக்கும் மனம் வராது. இருந்தும் அவர் எழுதினார். 1971இல் "மீண்டும் சந்திக்கும் நாள் வரை" என்ற பெயரில் ஒசாகி கியோஹிகோவின் பெருங்குரலில் அது வெளிவந்தது.

அந்த வரிகளில் அவர் செய்த வேலையைக் கவனித்தால் விருதின் நியாயம் புரியும். அதுவரை ஜப்பானிய மெல்லிசையில் பிரிவு என்றால் ஒருவர் விட்டுப் போவார், இன்னொருவர், பெரும்பாலும் பெண், அழுதுகொண்டு காத்திருப்பார். இந்தப் பாட்டிலோ, சேர்ந்து வாழ்ந்த வீட்டின் கதவை இருவரும் சேர்ந்தே சாத்துகிறார்கள். வாசலில் இருந்த பெயரை இருவரும் சேர்ந்தே அழிக்கிறார்கள். யாரும் யாரையும் கைவிடவில்லை. கேட்பவருக்குப் பிரிவுப் பாட்டு என்றே தோன்றாத அளவுக்கு மெட்டு எழுச்சியோடு நிற்கும். குப்பைக்குப் போகவேண்டிய ஒரு விளம்பர மெட்டும், தோற்றுப்போன ஒரு பாட்டும் சேர்ந்து மூன்றாம் முயற்சியில் நாட்டின் பெருவிருதைப் பெற்றன. பாடகர் பெயரை மட்டும் பொறித்துக் கொடுக்கும் ஒரு கோப்பையில் இந்த உழைப்பு எங்கே தெரியும்?

பிறகு 1976, 1977, 1978 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவருக்கே விருது கிடைத்தது. 1976இல் மியாகோ ஹருமி பாடியது என்கா எனப்படும் பழம்பாணிச் சோகப் பாட்டு. போய்விட்ட காதலன் ஒருநாளும் அணியப் போவதில்லை என்று தெரிந்தே அவனுக்குக் கம்பளிச் சட்டை பின்னும் பெண்ணின் குரல் அது. அடுத்த ஆண்டு சவாதா கென்ஜி, தொப்பியைக் கழற்றி வீசியபடி பாடிய வீம்புக்கார ஆணின் பாட்டு. அதற்கடுத்த ஆண்டு பிங்க் லேடி என்ற இரட்டையர், வேற்றுக்கிரகத்துக் காதலனைப் பற்றி ஆடிப்பாடியது. பள்ளிப் பிள்ளைகள் அந்த அசைவுகளை மனப்பாடம் செய்தார்கள். மூன்று பாடகர்கள், மூன்று இசையமைப்பாளர்கள், மூன்று தலைமுறை ரசிகர்கள். எழுதிய கை ஒன்றுதான். 1977இல் விருது நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் அளவு 50.8 விழுக்காடு என்று பதிவாகியிருக்கிறது. இன்று வரை அதுவே உச்சம்.

அந்த உச்சத்துக்கு விழா நடந்த நாளும் ஒரு காரணம். 1969 முதல் விருது விழா ஆண்டின் கடைசி இரவில் பேரரசு அரங்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பானது. அது முடிந்ததும் இரவு ஒன்பது மணிக்கு பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் சிவப்பு வெள்ளைப் பாட்டுப் போட்டி தொடங்கும். இரண்டிலும் பாடவேண்டியவர்கள் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஓடியாக வேண்டும். முதலில் பக்கத்துத் தெருவில் இருந்த தகராசுக்கா அரங்கத்தில் நடந்த போட்டி, 1973இல் நகரின் இன்னொரு பகுதியான ஷிபுயாவுக்கு மாறிய பிறகு அந்த ஓட்டம் இன்னும் நீண்டது. பெருவிருது பெற்றவர் அழுத கண்களோடு காரில் ஏறி, நகரத்தைக் கடந்து, அதே பாட்டை நாட்டுக்கு இரண்டாம் முறை பாடுவார். ஒரு வீட்டில் பாட்டியும் பேரனும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

நான் அதிகமாக நேசிப்பது 1972ஆம் ஆண்டின் பாட்டை. சியாகி நவோமி பாடிய "கரவொலி", செப்டம்பரில் வெளியாகி மூன்றே மாதங்களில் பெருவிருதைப் பெற்றது. ஊரில் விட்டுவந்த காதலன் இறந்துவிட்டான் என்று கருப்புக் கரையிட்ட கடிதம் ஒரு பாடகியின் கைக்கு வருகிறது. அன்றிரவும் அவள் மேடையேறிப் பாடுகிறாள், கூட்டம் கைதட்டுகிறது. ஒரு சிறுகதைக்குரிய முழுச் செய்தியையும் யோஷிதா ஒசாமு சில வரிகளுக்குள் அடக்கினார். நாகாமுரா தாய்ஜியின் மெட்டு கடைசியில் உயரும்போது சியாகி நவோமி உடலை அசைப்பதில்லை, குரல் மட்டுமே மேலேறும். 1992இல் கணவர் இறந்த பிறகு அவர் மேடையில் பாடவே இல்லை. பாட்டில் வந்த பெண் பாடினாள். பாடிய பெண் நிறுத்திக்கொண்டார்.

விருது பெறாதவர்களின் வரிசையும் சிறியதல்ல. 1980 அக்டோபர் 5 அன்று புதோகான் அரங்கில் வெள்ளை ஒலிவாங்கியை மேடைத் தரையில் வைத்துவிட்டு, 21 வயதில் விடைபெற்ற பாடகி யமகுச்சி மொமோஏ பெருவிருதைப் பெற்றதில்லை. பாடகி மட்சுதா செய்கோவும் பெற்றதில்லை. 45 லட்சத்துக்கும் மேல் விற்ற "நீந்து, மீன்பணியாரமே" என்ற பிள்ளைப் பாட்டும் பெறவில்லை. விற்பனைக்குக் கொடுக்கும் விருதல்ல என்பதால் இந்தக் கடைசிச் செய்தியைக் குறையாக நான் எண்ணவில்லை. மொமோஏவுக்குக் கிடைக்காததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரிவு 1989இல் தொடங்கியது. என்எச்கே தன் நிகழ்ச்சியை ஏழு மணி கடந்ததுமே தொடங்கும்படி நீட்டியது. இரண்டும் ஒரே நேரத்தில் மோதின. அதே ஆண்டு ஜூனில், 1965இல் பெருவிருது பெற்ற பாடகி மிசோரா ஹிபாரி 52 வயதில் இறந்தார். 1990இல் பெருவிருதையே என்கா ஒரு பக்கம், பாப் ஒரு பக்கம் என்று இரண்டாக வெட்டினார்கள். மூன்றாண்டுகள் அப்படியே நடத்திவிட்டு 1993இல் மீண்டும் ஒட்டினார்கள். பாட்டியும் பேரனும் வேறு வேறு அறைகளுக்குப் போய்விட்டார்கள் என்பதை விருதே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்கிறேன். 1994இல் பெருவிருது பெற்ற மிஸ்டர் சில்ட்ரன் குழு விழாவுக்கே வரவில்லை. 2006இல் விழா டிசம்பர் 30க்குத் தள்ளப்பட்டது.

ஆனாலும் நேரமும் நாளும் மாறியதைவிட ஆழமான மாற்றம் ஒன்று இருக்கிறது. தானே எழுதி, தானே இசையமைத்து, தானே பாடுபவர்களின் காலம் வந்துவிட்டது. மூன்று பேர் நிற்கவேண்டிய இடத்தில் ஒருவரே நிற்கிறார். அது தவறல்ல. 1981இல் தெராவோ அகிரா தானே இசையமைத்துப் பாடி விருது வாங்கியபோது மட்சுமோட்டோ தகாஷியின் வரிகள் உடனிருந்தன. இப்போதோ அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, 2008 முதல் 2018 வரையான பதினொரு பெருவிருதுகளில் பத்து, எக்சைல் குடும்பத்து நடனக் குழுக்களுக்கும் ஏகேபி48, நோகிசாகா46 ஆகிய பெண்கள் குழுக்களுக்கும் போயின. அந்தப் பெண்கள் குழுக்களுக்கு எழுதிய அகிமோட்டோ யசுஷியைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை, ஏனென்றால் ஹிபாரியின் கடைசிப் பெரும் பாட்டை எழுதியவரும் அவர்தான். ஆனால் அந்தப் பத்துப் பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர் யார் என்று ரசிகர்களைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? விருது குழுவுக்கும் அதன் பின்னாலிருக்கும் அமைப்புக்குமான பரிசாகிப் போனது என்ற மனக்குறை ஜப்பானியர்களிடமே உண்டு. அது நியாயமான மனக்குறை என்றே கருதுகிறேன்.

2019இல் ஐந்து சிறுவர் சிறுமியர் பாடிய "பாப்ரிகா" விருது பெற்றது; அதை எழுதி இசையமைத்தவர் யோனெசு கென்ஷி. அடுத்த ஆண்டு, நம் பிள்ளைகளும் பார்த்த "டீமன் ஸ்லேயர்" திரைப்படத்தின் "ஹோமுரா". லிசா பாட, கஜியுரா யூகி இசையமைத்து, இருவரும் சேர்ந்து வரிகளை எழுதியது. ஒருவர் இன்னொருவரின் குரலுக்காக உட்கார்ந்து பாட்டுச் செய்யும் பழைய முறை இரண்டு முறை அடுத்தடுத்துத் திரும்பி வந்தது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 2025 மே மாதம் கியோட்டோவில் புதிதாக இன்னொரு பெரிய இசை விருது தொடங்கியிருக்கிறது. அதன் வாக்குமுறையைப் பற்றியும் வெளிநாட்டுக் கவனத்தைப் பற்றியும்தான் எங்கும் பேச்சு. "ஹோமுரா" விருது பெற்ற செய்தியை எனக்கு அனுப்பிய என் தங்கை மகள் லிசாவின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். கஜியுரா யூகி என்ற பெயரைத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்பினேன். "இவங்க யாரு, மாமா?" என்று கேட்டாள். அன்று இரவு அந்தப் பெண்மணியின் பாட்டுகளை ஒவ்வொன்றாக அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.