கிரெடிட் கார்டு பாயிண்ட் வங்கியின் பணம் மட்டுமல்ல
பில்லைத் தேதிக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் ரிவார்டு பாயிண்டால் யாருக்கும் நஷ்டமில்லை, வங்கி தன் லாபத்திலிருந்துதான் அதைத் தருகிறது என்று இங்கே பலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லைங்க.

கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடம் எம்டிஆர் என்று ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள், அதில் பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது, பாயிண்டுக்கான பணத்தில் கணிசமான பகுதி அங்கிருந்துதான் வருகிறது. டெபிட் கார்டில் இந்தக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி 2018 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது, கார்டைத் தேய்த்தால் சின்னக் கடைக்கு 0.40%, மற்றவர்களுக்கு 0.90%. கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. கடைக்காரர் அந்தச் செலவை விலையில் ஏற்றிவிட்டால், ரொக்கத்தை எண்ணிக் கொடுத்து அரிசி வாங்கிப் போகிறவரும் அதே விலையைத்தான் தருகிறார், அவருக்கு ஒரு பாயிண்டும் கிடையாது. எனக்கு உறுத்துவது இதுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். பழகிய கடையில் ஸ்வைப் மெஷின் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், கிரெடிட் கார்டில் விற்ற தொகைக்கும் வங்கியில் வரவான தொகைக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே இருக்கும். அப்புறம், டெபிட் கார்டு வரம்பு பற்றிய 2017 டிசம்பர் சுற்றறிக்கை ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது, அதில் கிரெடிட் கார்டுக்கு விகிதம் எதுவும் சொல்லப்படவில்லை.