பொன்னாடையை மடித்து வையுங்கள்

தீபாவளி நெருங்கும் நேரத்தில் பினாங்கில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் இல்லங்களுக்குப் போன் போட்டுப் பாருங்கள். சாப்பாடு போடத் தேதி கிடைப்பதே கஷ்டம். சனி, ஞாயிறெல்லாம் எப்போதோ நிரம்பியிருக்கும். மதியம் ஒரு கம்பெனி பிரியாணி கொண்டுவரும், சாயங்காலம் ஓர் இளைஞர் மன்றம் கேக் வெட்டும். பிள்ளைகள் வரிசையில் நின்று புதுச்சட்டை வாங்கி, நன்றி சொல்லி, படத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் களைத்துவிடும். நம் ஆட்களுக்குக் கொடுக்கிற மனசு தாராளம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஆட்களிடம், "உங்கள் வீட்டில் ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு பிள்ளையைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும்.

கேட்டால் திரும்பும் என்கிறேனே, முதலில் யார் கேட்கிறார்கள்? கோயில் கூட்டத்தில் கேட்டதுண்டா? மன்றத்தில்? தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில்? ரத்த தானத்துக்கு மைக் பிடித்து அழைக்கிறோம். இதற்கு யாரும் யாரையும் அழைத்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே பலருக்குத் தத்தெடுப்பதுதான் ஞாபகம் வருகிறது. தத்து என்பது நிரந்தரம், பிள்ளை உங்கள் பிள்ளையாகவே ஆகிவிடும். நான் சொல்வது வேறு, கொஞ்ச காலத்துக்கு மட்டும் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பது. அடிபட்டோ, பார்க்க ஆளில்லாமலோ, கைவிடப்பட்டோ ஆபத்தில் இருக்கும் பிள்ளையை 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி சமூக நல இலாகா அதிகாரி தம் பாதுகாப்பில் எடுக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளை எங்கே இருப்பது என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். நிபந்தனை போட்டுப் பெற்றோரிடமே அனுப்பலாம், இல்லத்தில் சேர்க்கலாம், தகுதியான ஒருவரின் பராமரிப்பில் விடலாம். அப்பா அம்மாவோ காப்பாளரோ இல்லாத பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை என்றால், இலாகா பார்த்துச் சரி என்று சொன்ன வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இரண்டு ஆண்டு, அல்லது 18 வயது நிறையும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும். பெரிய வீடும் கொழுத்த சம்பளமும் உள்ளவர்கள் மட்டும் செய்கிற காரியம் இது என்று நினைக்க வேண்டாம். வளர்க்கிற குடும்பத்துக்கென்றே இலாகாவில் 'பந்துவான் அனாக் பெலிஹாரா' (வளர்ப்புப் பிள்ளை உதவி) என்று ஓர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தெரிந்தவர் பிள்ளைதான், பாவம், நாங்களே வைத்துக்கொண்டோம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. நல்ல மனசுதான். ஆனால் அடுத்தவர் பிள்ளையை அப்படி உங்கள் பொறுப்பில் எடுத்தால் ஒரு வாரத்துக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பத்திரம் இல்லாமல், பதிவு இல்லாமல் வளர்ந்த பிள்ளை பள்ளியில் சேரும்போதும் ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்கும்போதும் படுகிற பாடு நமக்குத் தெரியாததா?

இல்லங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஸ்காட்லாந்து சாலை ராமகிருஷ்ண ஆசிரமத்தைத் தெரியாத பினாங்குத் தமிழர் உண்டா? கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தா 1950இல் தொடங்கிய சுத்த சமாஜத்தை, 1961இல் அவர் மறைந்த பிறகு அன்னை மங்களம் எப்படிக் கட்டிக் காத்தார் என்பது நாடறிந்த விஷயம். 2023இல், 97 வயதில் அவர் போகும்வரை, அங்கே வளர்ந்தவர்களுக்கு அவர்தான் அம்மா. அந்த மாதிரி மனிதர்கள் ஒரு தலைமுறைக்கு ஓரிருவர்தான் வருவார்கள். அவர்கள் தோளிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நாம் பிரியாணியோடு போய் வருகிறோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிள்ளைக்கு வீடு எவ்வளவு முக்கியம் என்பதை மனசால் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பேசப்பட்டது. அரசு விடுதிகளில் இருந்த 136 சின்னப் பிள்ளைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரோடு ஒட்டி உறவாடுவதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைக் குடும்பச் சூழலில்தான் வைத்து வளர்க்க வேண்டும் என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டியும் சொல்கிறது.

ஆய்வை விடுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் சாதாரண மாடி வீடு. அண்ணனுக்கு, அதாவது அவர் கணவருக்கு, ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, அக்கா வீட்டிலேயே தையல். வந்த பையனுக்கு ஏழு வயது. எதை எடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். "ஆண்டி, தண்ணி குடிக்கலாமா?" "ஆண்டி, ஃபேன் போடலாமா?" "ஆண்டி, டாய்லெட் போகலாமா?" வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "எவ்வளவு மரியாதையான பிள்ளை!" என்று மெச்சுவார்கள். அக்காவுக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். கேட்காமல் எடுத்ததற்காக அந்தப் பிள்ளை எங்கேயோ அடி வாங்கியிருக்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் "எடுத்துக்கோ சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் அதேதான். பிறகு ஒருநாள் பையன் பள்ளிவிட்டு வந்து, பையை மூலையில் எறிந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து மைலோவை எடுத்துக்கொண்டு, கதவை ஒழுங்காகச் சாத்தாமல் போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். "கரண்ட் பில் யாருடா கட்டுறது?" என்று சத்தம் போட்ட அக்கா, சமையலறைக்குள் போய் அண்ணனுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். சந்தோஷத்தில்தான்.

அந்தப் பையன் இப்போது அவன் சித்தியிடம் இருக்கிறான். இலாகா தேடிப் பிடித்த சித்தி. நல்லபடியாக இருக்கிறான், எப்போதாவது வீடியோ காலில் வருவான். அவனை அனுப்பிய பிறகு அக்கா சில வாரம் தையல் மெஷினையே தொடவில்லை. அந்த நாட்களில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? "சொன்னேன்ல, அடுத்தவன் பிள்ளை, பாசம் வைக்காதேன்னு" என்று புத்தி சொல்ல வந்தவர்கள்தான் அதிகம்.

எல்லோரும் சொல்கிற முதல் சாக்கும் அதுதான். பாசம் வைத்த பிறகு எப்படிப் பிரிவது? வலிக்கும்தான், யார் இல்லை என்றது? ஆனால் நாற்பது வயது ஆளால் அந்த வலியைத் தாங்க முடியாது என்றால், ஏழு வயதுப் பிள்ளை யாருடைய பாசமும் இல்லாமல் எப்படித் தாங்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்?

வாய்விட்டுச் சொல்லாத சாக்குகளும் இருக்கின்றன. என்ன சாதியோ, என்ன ரத்தமோ, ஜாதகம் எப்படியோ, நம் வீட்டில் வயசுப்பிள்ளை இருக்கிறதே. கடைசியாகச் சொன்னது நியாயமான கவலை. அதனால்தான் அதிகாரி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்க்கிறார், குடும்பத்தில் எல்லோரிடமும் பேசுகிறார். மற்றவற்றுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அப்படி நினைப்பவர்கள் தயவுசெய்து பிள்ளை எடுக்காமலே இருங்கள், பிள்ளைகளுக்கு நல்லது.

நம் வீடுகள் ஏன் முன்வர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேசியா 1995இல் சேர்ந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, குடும்பத்தை விட்டு வரும் பிள்ளைக்கு இடம் பார்க்கும்போது அதன் மதம், மொழி, பண்பாடு ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ராத்திரி பயந்து எழுந்து தமிழில் அழுகிற பிள்ளைக்குத் தமிழிலேயே "ஒண்ணும் இல்லடா, தூங்கு" என்று சொல்ல ஆள் வேண்டும். தமிழ் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டால் இலாகா அந்த ஆளுக்கு எங்கே போகும்?

ஏற்கெனவே கதவைத் திறந்திருப்பவர்களை நாம் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. முக்கியமாகப் பாட்டிகள். மகன் சிறையில், மருமகள் எங்கே என்றே தெரியாது, மூன்று பேரப்பிள்ளைகளோடு ஃபிளாட் வீட்டில் மல்லுக்கட்டும் கிழவி ஒருத்தியாவது உங்கள் புளோக்கில் இருப்பார். முழங்கால் வலியோடு பள்ளிக்கு நடப்பார். வாட்ஸ்அப்பில் வருகிற வீட்டுப்பாடத்தைத் திறக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். அவரும் ஒரு வளர்ப்புத் தாய்தான், ஆனால் எந்த மேடையும் அவரைக் கூப்பிட்டதில்லை.

மேடை என்றதும் நம் ஆட்களுக்கு உடனே கை துறுதுறுக்கும். மண்டபம் எடுத்து, ஒய்.பி.யை (மக்கள் பிரதிநிதியை) அழைத்து, அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, பொன்னாடை, மாலை, கண்ணாடி நினைவுச் சின்னம், பிள்ளையையும் மேடை ஏற்றி ஒரு குரூப் ஃபோட்டோ. அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்று குழந்தைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், "இது அப்பா அம்மா இல்லாத பிள்ளை" என்று ஊருக்கே காட்டிவிட்டு மறுநாள் அதைப் பள்ளிக்கு அனுப்பினால் அதற்கு எப்படி இருக்கும்? பிரிட்டனில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் இரண்டு வாரம் வளர்ப்புக் குடும்பங்களுக்காகவே ஒதுக்கி, நன்றியும் சொல்லி, புதிய குடும்பங்களையும் தேடுகிறார்கள். நாமும் செய்யலாம். வளர்ப்பவர்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் பேசுவதை நாம் கேட்கிற மாதிரி இருந்தால் போதும். எனக்குத் தெரிந்து, பிள்ளை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற ஆளை எந்த போஸ்டரும் மாற்றாது. அந்த அக்கா மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கஷ்டம்தான், ஆனா முடியும்" என்று சொன்னால் மாறுவார். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் அவரைத் தனியாக விடாமல் இருக்க வேண்டும் நாம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வழியெங்கும் நாம் போடுகிற தண்ணீர்ப் பந்தல்களைப் பாருங்கள். ராத்திரி முழுக்க யார் வெங்காயம் உரிப்பது, யார் மோர் கரைப்பது, யார் குப்பை அள்ளுவது, எந்த ஷிஃப்டுக்கு யார் என்று பட்டியல் போட்டு, ஒரு சுணக்கம் இல்லாமல் நடத்துகிற ஆட்கள் நாம். அதே பட்டியலை ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குப் போட எவ்வளவு நேரமாகும்? வாரத்துக்கு இரண்டு நாள் டியூஷன் சொல்லிக்கொடுக்க ஒருவர். ஆஸ்பத்திரி அப்பாயிண்ட்மெண்ட் நாளில் காரில் கூட்டிப்போக ஒருவர். பள்ளி வேன் காசுக்கு நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு தொகை. வளர்க்கிறவர்கள் கொஞ்சம் வெளியே போய் வர, பிள்ளையோடு இருக்க ஒருவர். யார் யார் வந்து போகிறார்கள் என்பதை இலாகா அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும், அது முக்கியம்.

இதை எங்கள் கோயில் கமிட்டியில் பேசினேன். ஒரு பெரியவர், "அப்போ பொன்னாடை வேண்டாங்கிறியா?" என்று கேட்டார். போடுங்கள் ஐயா, வேண்டாம் என்று யார் சொன்னது, பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போடுங்கள் என்றேன். சிரித்தார், பிறகு எழுதினார். இப்போதைக்கு டியூஷனுக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்திருக்கிறார். காருக்கு இரண்டு பேர். சமையலுக்கு, கேட்காமலே பத்துப் பதினைந்து பேர், அதுதான் நம் ஆட்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பிள்ளையோடு சும்மா உட்கார்ந்து விளையாடத்தான் ஆள் இல்லை. பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.