'தி ரேவன்' மனைவி இறந்த பிறகு எழுதியதல்ல

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ, மனைவி வர்ஜீனியாவைப் பறிகொடுத்த துக்கத்தில்தான் 'தி ரேவன்' கவிதையை எழுதினார், அதில் இறந்துபோன காதலியாக வரும் லெனோர் வர்ஜீனியாவேதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதி இடிக்கிறதே. கவிதை நியூயார்க்கின் 'ஈவினிங் மிரர்' இதழில் வந்தது 1845 ஜனவரி 29-ல். வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரி 30-ல். லெனோர் என்ற பெயரும் புதிதில்லை. 1843-லேயே அந்தத் தலைப்பில் போ ஒரு கவிதை வெளியிட்டிருந்தார்.

அதற்காகக் கவிதைக்கும் அவர் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1842-லேயே வர்ஜீனியாவுக்குக் காசநோய் தெரிந்துவிட்டது. தேறுவதும் மறுபடி படுப்பதுமாக ஐந்து வருஷம். உயிரோடு இருப்பவரை எப்போது இழப்போமோ என்ற பயம் அந்தக் கவிதைக்குள் இருக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். போவோ 1846-ல் எழுதிய கட்டுரையில், கணக்குப் போடுவதுபோல் திட்டமிட்டுக் கட்டிய கவிதை அது என்கிறார். (அதையும் முழுசாக நம்ப வேண்டியதில்லை.)

மனைவி இறந்த பிறகு எழுதிய கவிதைதான் வேண்டுமென்றால் 1847 டிசம்பரில் வந்த 'உலலூம்' இருக்கிறது. அப்புறம் 1849-ல் எழுதிய 'அன்னபெல் லீ'. அதிலும்கூட அந்தப் பெண் நான்தான் என்று வேறு சிலர் உரிமை கொண்டாடினார்கள்.