நேராகச் சுற்றினால் போதுமா?

புதுச் சைக்கிளின் பின்சக்கரத்தில் சில வாரங்களிலேயே கோட்டம் விழுந்து அது ஆடிச் சுற்றினால், "நம் ரோடு அப்படி" என்று சொல்லிவிடுகிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிப்பவன் நான். பள்ளங்களை எனக்கு யாரும் காட்டவேண்டியதில்லை. ஆனாலும் பழி முழுவதையும் பள்ளத்தின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

தொழிற்சாலை இயந்திரம் ரிம்மை நேராக்கிவிடுகிறது. ஆனால் தொளதொளப்பான போக்ஸ் கம்பிகளை வைத்தும் ரிம்மை நேராக நிறுத்த முடியும். குறை பாரம் ஏறும்போதுதான் வெளிப்படும். ஒவ்வொரு சுற்றிலும் தரைப்பக்கம் வரும் கம்பியின் இறுக்கம் குறைந்து மீள்கிறது. முதலிலேயே இறுக்கம் போதாத கம்பி அந்த நேரத்தில் முழுக்கத் தளர்கிறது, கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் திருகான நிப்பிள் மெல்லக் கழல்கிறது. பிறகு ஒருநாள், சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பின் துளையில் வளைந்து நுழையும் இடத்தில் கம்பி முறிகிறது. இறுக்கம் அதிகமானதால் அறுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தளர்ந்து தளர்ந்து இறுகியதால்தான் உலோகம் களைத்து முறிகிறது.

காசிமேட்டில் மீன்பெட்டி சுமந்த பழைய பெரிய சைக்கிள்களுக்கு முன்னால் 32 கம்பி, பின்னால் 40. சில கம்பிகள் தளர்ந்தாலும் மற்றவை தாங்கின. கியர் சைக்கிளில் அந்தத் தாராளம் இல்லை. பல்சக்கரங்களுக்கு இடம்விட, பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து அதிக இறுக்கத்தில் நிற்கின்றன. இடப்பக்கத்தில் இறுக்கம் குறைவு. அரைகுறை வேலை அங்கேதான் முதலில் பல்லிளிக்கும்.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கோத்துக் கொடுத்த சக்கரத்தை ஒரு தேர்ந்த கை எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக் கம்பிகளையும் தங்களுக்குள் சமமாக இறுக்கி, இணைகம்பிகளைச் சேர்த்து அழுத்திப் படியவைத்து, மறுபடி கோட்டம் பார்த்தால் அது பல ஆண்டு ஓடும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தொழிற்சாலையும் தருவதில்லை, விற்பவரும் தருவதில்லை.

திருவொற்றியூர், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. உப்புக் காற்றில் நிப்பிள் துருவேறிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு சாவி போட்டுத் திருப்பும்போது நிப்பிள் மழுங்கும், அல்லது கம்பி அறும். வண்டியை எடுக்கும் அன்றே கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஒன்று விறைப்பாகவும் ஒன்று தொய்வாகவும் இருந்தால், அங்கேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். கோட்டம் எடுப்பவருக்குத் தனிக் கூலி கொடுக்க நான் தயார். கடைக்காரர்கள் அதைப் பில்லில் தனியாகவே போடட்டும்.