வாவிக்கரையில் ஏழு டிக்கெட்

போன மாதம் அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று ஏழு பேராக சீதாஎலியா கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுத் திரும்பும்போது நுவரெலியா கிரகரி வாவி கண்ணில் பட்டதும் சின்னவள் பஸ்ஸிலேயே அடம். சரியென்று இறங்கினோம். கேட்டில் டிக்கெட். பெரிய காசு என்று சொல்லமாட்டேன், தனியாகப் போகிறவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஏழு பேருக்கு என்றதும் அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்க. தண்ணிதானே, இங்கருந்தும் தெரியுது" என்றார். அத்தையும் அவரோடு நின்றுவிட்டார். நான் வற்புறுத்தியதெல்லாம் எடுபடவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அன்னப்பறவைப் படகுகளைப் பார்த்தபடி நின்றதை உள்ளே இருந்து ஒரு போட்டோ எடுத்தேன். அதை இங்கே போடப்போவதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். அம்மா அதற்கு முன்பே கூடையை இறக்கி வைத்துவிட்டார். இன்றைக்கும் எந்தச் செலவு வந்தாலும் இது எத்தனை கிலோ கொழுந்து என்றுதான் மனதுக்குள் ஓடும். அவரிடம் போய் 'இந்தக் காலத்தில் இது ஒரு காசா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் அபிவிருத்திக்கு எதிரி இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கரையில் பாசியும் குப்பையும்தான். இப்போது நடைபாதை இருக்கிறது, பூ இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. நல்லது. அந்த வாவியே ஒரு காலத்து அபிவிருத்தித் திட்டம்தானே! சேற்று நிலமாகக் கிடந்த இடத்தில், பிதுருதலாகலையிலிருந்து வரும் ஓடையை மறித்து 1873இல் அதைக் கட்டுவித்தவர் ஆளுநர் வில்லியம் கிரகரி. 1913இல் அதன் தண்ணீரைச் சுரங்கம் வழியாக பக்கத்தில் பிளாக்பூல் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் மின்சாரமும் எடுத்தார்கள். துரையின் பெயர் வாவிக்கே ஆகிவிட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றைக்கூட நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை. அதை விடுங்கள், அது பழைய புண்.

எனக்கு உறுத்துவது வேறு. இன்னொரு ஆளுநர், ஹென்றி வார்ட். கொழும்பு காலி முகத்திடலில் கடலோர நடைபாதையை 1859இல் முடித்தவர். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆக இதைக் காப்பாற்றுங்கள் என்று தனக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு கல்லில் பொறித்து வைத்துப் போனார். வெள்ளைக்காரப் பெண்களை நினைத்துத்தான் எழுதியிருப்பார், எனக்கும் தெரியும். ஆனால் கேட் போடவில்லை. அதனால்தான் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவரும் வீட்டுவேலைக்குப் போன எங்கள் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை அங்கே இறால் வடையோடு உட்கார முடிகிறது. 2022இல் அந்தத் திடலுக்கு டிக்கெட் இருந்திருந்தால் அரகலய என்ற அந்த மக்கள் போராட்டம் நடந்திருக்குமா? சும்மா கேட்கிறேன்.

அந்தத் திடலின் கதையும் இப்போது மாறிக்கொண்டுதான் வருகிறது. வடக்குப் பக்கம் கடல் இருந்த இடத்தில் 269 ஹெக்டேர் புதுநிலம், துறைமுக நகரம் என்று பெயர். 2014 செப்டம்பரில் சீன ஜனாதிபதி வந்து தொடக்கி வைத்தார். 2015இல் ஆட்சி மாறியதும் நிறுத்தினார்கள், அடுத்த வருடம் மறுபடி தொடங்கினார்கள். 2021இல் அதற்கென்று தனிச் சட்டம், தனி ஆணைக்குழு. திடலுக்கு முன்னால் வானத்தை மறைக்கும் ஹோட்டலும் கடைத்தொகுதியும். அந்தப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் என் சித்தப்பா மகன் டைல்ஸ் பதித்தான். இருபத்தி எத்தனையாவதோ மாடியில் ஒரு குளியலறை. ஜன்னலுக்கு நேரே கடல். "அண்ணே, நம்ம லயத்து காம்பராவ விட அந்த பாத்ரூம் பெருசு" என்றான். தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பமே இருக்கும் அறைதான் காம்பரா. வேலை முடிந்து சாவி கொடுத்த பிறகு அந்தக் கட்டடத்து வாசலில் போய் நிற்கக்கூட அவனுக்குக் கூச்சம். யாரும் விரட்டவில்லை. ஆனாலும் போகவில்லை.

கொழும்பில் ஏழைகள் நெருக்கமாக வாழும் குடியிருப்பையும் 'தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கும் தோட்டம், அவர்களுக்கும் தோட்டம். போர் முடிந்த அடுத்த வருடமே நகர அபிவிருத்தி அதிகார சபையை பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே கொண்டுபோனார்கள். 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தார்கள். கொழும்பு நடுவில் இருக்கும் பேர வாவியைச் சுற்றி நிலத்தின் விலை ஏற ஏற, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் வேறெங்கோ தொடர்மாடிகளுக்குப் போனார்கள். தண்ணீர்க்கரையை அழகாக்கும்போது முதலில் அப்புறப்படுத்தப்படும் 'அசிங்கம்' எப்போதும் மனிதர்தான்.

மலையகத்தில் எங்களுக்கு இது புதிதில்லை. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. நல்ல வறட்சி வந்தால் கோயில் மேலே எழும்பும். ஆட்கள் சேற்றில் இறங்கிப் போய் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவார்கள். அந்தக் கரைக்கு டிக்கெட் கிடையாது, காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லையே. தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம். 150 மெகாவாட். டவுனுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் நிற்கிறது. அதற்காக எத்தனையோ குடும்பங்கள் வீடு மாறின. சென்கிளேயர் அருவி அதன் பிறகு பழைய அருவி இல்லை. சின்ன வயதில் அந்த இரைச்சல் கேட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள் விழித்துக்கொள்வார்கள். இப்போது டிரைவர்தான் சத்தம் போட்டு எழுப்ப வேண்டியிருக்கிறது.

அதனால் நுவரெலியாவில் புதிதாக ஏதாவது திட்டம், கொழும்பு மாதிரி ஆக்கப்போகிறோம் என்று யாராவது பேசினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எந்தக் கொழும்பு மாதிரி? ஹென்றி வார்ட் விட்டுப்போன கொழும்பா, இருபத்தி எத்தனையாவதோ மாடிக் கொழும்பா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கரைக்கு எவ்வளவு கல் பதித்தாலும் தண்ணீர் மேலேயிருந்துதானே வருகிறது. மலைச்சரிவில் மரம் போய் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் வந்தன. மழை பெய்தால் மண்ணும் உரமும் ஓடைக்கு. டவுன் கழிவும் அதே ஓடைக்கு. வண்டல் சேர்ந்து வாவி மேடாகிறது. மேடான பிறகு கனமழைக்கு ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று புலம்புகிறோம். மரக்கறி செய்கிறவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, அவரிலும் பாதி எங்கள் ஆட்கள். அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, விதைக்கிழங்குக்குக் கடன் வாங்கியவர். சரிவில் கல்வரிசை கட்டவும் ஓடைக்கரையில் பத்தடி விட்டுப் பயிரிடவும் அவருக்கு ஏதாவது கொடுத்தால் செய்வார். பூங்காவுக்கு இறைக்கும் காசில் கொஞ்சத்தை அந்த ஓடைக்கு விடுங்கள் என்கிறேன். ஓடைக்கு ரிப்பன் வெட்டித் திறப்புவிழா நடத்த முடியாது, அதுதான் பிரச்சினை.

படகுக்குக் காசு வாங்குங்கள். குதிரைக்கு, ஜெட் ஸ்கீக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குங்கள், ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கொடுப்பார்கள். தண்ணீரைப் பார்ப்பதற்கு மட்டும் வாங்காதீர்கள். பதுளை வீதிப் பக்கம் ஒரு துண்டுக் கரை, வேலி இல்லாமல். நாலு பெஞ்சு. தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை, ஏனென்றால் எங்கள் பொம்பளைகள் டவுனுக்கு வந்தால் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட ஓர் இடம். இதற்குச் சீனாவிடமும் கடன் வாங்கவேண்டாம், ஜப்பானிடமும் வாங்கவேண்டாம்.

அன்றைக்கு வெளியே வந்தபோது அம்மாவும் அத்தையும் யாரோ ஒரு சோளக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு அவித்த சோளம் கையில். எங்களுக்கும் வாங்கி வைத்திருந்தார்கள். பஸ் ஏறியதும் அம்மா சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உள்ளுக்குள்ள எப்படிடி இருந்துச்சு?"

"கிட்டக்க போனா நாறுது அப்பாயி" என்றாள்.