பரங்கித் தேமலும் தேனீக்களும்

பரங்கி இலையில் மஞ்சள் திட்டுகளாகத் தெரியும் தேமல் நோயைக் கண்டவுடன், அதைப் பரப்பும் சிறு சாறுறிஞ்சிப் பூச்சியான அசுவினிக்குப் பூச்சிக்கொல்லி தெளிக்குமாறு ஒரு கட்டுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளரித் தேமல் வைரஸ் தாக்கிய பூசணி இனச் செடி, அசுவினியை மணத்தால் ஈர்த்து, சாறு ஒவ்வாததால் விரைவிலேயே வெளியேறச் செய்கிறது என்று 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில நொடி உறிஞ்சினாலே வைரஸ் ஒட்டிக்கொள்வதால், மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் நோய் அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. ஆனால் அதே மருந்து, விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் சேர்க்கும் தேனீக்களை அழிக்கிறது. தேமல் முற்றிய கொடியில் பூவே குறைவு. தேனீயும் வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிராமல் என்ன செய்யும்? வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து உழவர்கள் அசுவினிக்குத் தடுப்பாக வரப்போரம் மக்காச்சோளம் விதைத்து, நோயுற்ற கொடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். இன்னொரு சாறுறிஞ்சிப் பூச்சியான வெள்ளை ஈக்கு மருந்து தவிர்க்க முடியாதபோது, பூ மூடிய பின் மாலையில் தெளிக்கட்டும்.